வெயில் போதாத மலையில் ஒரு பரண்

சேலத்துக்காரர் வெயிலைத் திட்டுவாரே தவிர, வெயில் பற்றவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. சித்திரையில் மொட்டைமாடியில் வடகம் பிழிந்துவிட்டு, காக்காய்க்குப் பயந்து ஒரு கறுப்புக் குடையை விரித்துவைத்தால் போதும். மூன்றாம் நாள் அள்ளினால் சலசலவென்று சத்தம் கேட்கும்; டப்பாவில் கொட்டி மூடிவிடலாம். மோர்மிளகாய், சுண்டைக்காய், கொத்தவரை எல்லாம் இதே கணக்குத்தான். ஆடு அடித்த வீட்டில் மிச்சக் கறிக்கு உப்பும் மஞ்சளும் தடவி, சரமாகக் கோத்துக் கொடியில் போட்டால் நாலைந்து வெயிலில் உப்புக்கண்டம் தயார்.

அங்கிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டில் போய் இதே வடகத்தைப் பிழிந்தால் கதை வேறு. காலை பத்து மணிக்கு நல்ல வெயில் அடிக்கும். அதை நம்பி வெளியே வைத்தால், மூன்று மணிக்கு ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து தாம்பாளத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் வடகத்தின் முதுகில் பூசணம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆண்டு மழையும் ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் பங்கு போட்டுக்கொண்டு பெய்யும். ஐப்பசியில் துவைத்த துணியே மூன்று நாள் ஈரம் சொட்டும் ஊரில் கறியை எங்கே காயவைப்பது?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழைய வீடுகள் இதற்கு வைத்திருந்த பதில், அடுப்புக்கு நேர் மேலே கட்டிய ஒரு மூங்கில் பரண்.

இன்று ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறவர்களும், சுற்றுலாவுக்கு வந்து மலைமேல் வீடு வாங்கியவர்களும், புகையில் வாட்டிய கோழிக்காகவும் மீனுக்காகவும் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்குகிறார்கள். வீட்டுக்குள் வைக்கிற சின்னப் பெட்டியா, வாசலில் நிறுத்துகிற பெரிய டிரம்மா என்று கேள்வி வருகிறது. புதுக் கேள்விபோலத் தெரியும். ஆனால் புகையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதா வெளியே தள்ளுவதா என்கிற வழக்கு இந்த மலையில் இருநூறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

முதலில், வீட்டுக்குள் வைத்திருந்தவர்கள். சேர்வராயன் மலையின் பூர்வகுடிகளுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வதுண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் வழிவந்தவர்கள் சேர்வராயன் மலையில் தங்கினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பிலும் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது. கல்வராயன், கொல்லி, பச்சை மலை, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பரவியிருக்கும் இவர்கள், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் மூன்றரை லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்களே எண்ணிக்கையில் முதலிடம்.

மூங்கில் பிளாச்சைப் பின்னி, மண் அப்பி, சாணம் மெழுகிய சுவர். மேலே காட்டுப் புல் வேய்ந்த கூரை. சன்னல் என்று ஒன்று கிடையாது. குளிர்காற்றுக்கு எதற்கு வழி வைப்பது? அடுப்பு உள்ளேதான். புகை போவதற்குக் கூண்டும் கிடையாது. எழுந்த புகை பரணைத் தொட்டு, அதன் சந்துகளில் நுழைந்து, கூரையின் உட்புறத்தில் தவழ்ந்து, புல்லின் இடுக்கு வழியாக மெல்லக் கசிந்து வெளியேறும். விடிகாலையில் மலைக் கிராமத்தை எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தால், கூரை முழுக்க ஆவி பறப்பதுபோல இருக்கும். விவரம் தெரியாதவர் தீப்பிடித்துவிட்டது என்றே நினைப்பார்.

பரணை அண்ணாந்து பார்த்தால் மூங்கில் மூங்கிலாகவே தெரியாது. பல வருஷப் புகை ஏறி, அரக்கு பூசியதுபோலக் கறுத்து மினுமினுக்கும். விரலால் தொட்டால் லேசாக ஒட்டும். ஓரங்களில் ஒட்டறை கறுப்பு நூலாகத் தொங்கி, அடுப்பின் அனலில் ஆடிக்கொண்டிருக்கும். அடைமழைக் காலத்தில் கூரை ஈரம் இறங்கினால் அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு விழும். துணியில் பட்டால் அந்தக் கறை போகாது.

அந்தப் பரணில் எதை எங்கே வைப்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அடுப்புக்குப் பக்கத்தில் ஈர விறகு. நாளைக்கு எரியவேண்டியது இன்றைக்கே உலரும். அதற்கு மேலே தோகையைப் பின்னிக் கட்டிய மக்காச்சோளக் கதிர். அனல் அதிகம் படாத ஓரத்தில் சுரைக்குடுக்கை. அதற்குள் அடுத்த பட்டத்துக்கான விதை. விதைக்கு அதிகச் சூடு ஆகாது, முளைக்காமல் போய்விடும். ஆனால் புகை வேண்டும். அது இல்லையென்றால் வண்டும் அந்துப்பூச்சியும் மூன்று மாதத்தில் சல்லடையாக்கிவிடும். அடுப்பிலிருந்து எத்தனை முழம் தள்ளி வைத்தால் எவ்வளவு சூடு என்பது வெப்பமானி பார்க்காத கணக்கு.

கறி கிடைத்த நாளில் அதற்கும் இடம் உண்டு. தசையின் நார் ஓடும் திசையிலேயே, விரல் கனத்துக்கு நீளநீளமாகக் கிழித்து, உப்புத் தடவி, நாரில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது மலைநாடுகள் பலவற்றுக்கும் பொதுவான முறை. குடகில் பன்றிக்கறிக்கும் இடுக்கிப் பக்கம் மாட்டுக்கறிக்கும் இதுதான் வழி. முதல் நாள் நீர் சொட்டும். அடுத்தடுத்த நாளில் மேல்தோல் இறுகும். ஒரு வாரத்தில் மரப்பட்டைபோல ஆகிவிடும். வேண்டும்போது ஒரு துண்டை அறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, அம்மியில் வைத்து நசுக்கிக் குழம்பில் போட்டால் காட்டு வாசனையோடு கரையும்.

காட்டு விலங்குக் கறி இப்படிப் பரண் ஏறிய காலம் சட்டத்தால் முடிந்தது. 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டுக்கு வேலி போட்டது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. இப்போது காட்டெருமைகள் காபித் தோட்டத்துக்குள் சாவகாசமாக நடந்து போகின்றன. வழிவிட்டு நிற்கவேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

புகை கறியை எப்படிக் காக்கிறது? விறகு நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும். காற்றுப் போதாமல் கனன்றால்தான் விஷயம் நடக்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தருகிற லிக்னின் என்ற பொருள் சிதைந்து குவையகால், சிரிங்கால் போன்ற ஃபீனால்கள் கிளம்புகின்றன. புகைமணம் என்று நாக்கும் மூக்கும் அடையாளம் காண்பது பெரும்பாலும் இவற்றைத்தான். கொழுப்பு காறிப்போகாமல் தடுப்பதும் இவையே. மரத்தின் செல்லுலோஸ் பகுதியிலிருந்து வரும் அமிலங்களும் பார்மால்டிஹைடும் கிருமியை ஒடுக்கும். கார்பனைல் பொருள்கள் பொன் பழுப்பு நிறத்தைக் கொடுக்கும். இத்தனையும் கறியின் மேற்புறத்தில்தான் படியும். உள்ளே கெடாமல் காப்பது உப்பும் நீர் வற்றியதும்தான். ஈரக் கறியைச் சும்மா புகையில் காட்டிவிட்டு ஒரு மாதம் வைத்திருக்கலாம் என்று நினைத்தால் வயிறுதான் பதில் சொல்லும்.

இதில் கவனிக்கவேண்டியது, மலையாளி வீட்டில் யாரும் புகைக்காகத் தீ மூட்டவில்லை என்பது. கேழ்வரகுக் களி கிண்டத் தீ மூட்டினார்கள். குளிர்காயத் தீயை அணையாமல் வைத்தார்கள். புகை அதோடு வந்த இலவசம். அந்த இலவசத்தைக் கொண்டு விறகை உலர்த்தி, விதையைக் காத்து, கூரைப் புல்லைக் கரையானிடமிருந்து தப்பவைத்து, கறியையும் பதப்படுத்திக்கொண்டார்கள். இதற்கென்று வெளியே தனியாக ஒரு குடிசை போட்டு விறகைச் செலவழிப்பது அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும்.

அடுத்து, புகையை வெளியே தள்ளியவர்கள். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். இந்த மலையில் காபியையும் பேரி, ஆரஞ்சு வகைகளையும் கொண்டுவந்து நட்டவர் என்பதால் ஏற்காட்டின் தந்தை என்று சொல்லப்படுகிறார். அவருக்குப் பின்னால் துரைமார்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள், எஸ்டேட்டுகள் வந்தன, பங்களாக்கள் வந்தன.

பங்களாவின் அமைப்பு மலையாளி வீட்டுக்கு நேர் எதிர். சமையலறை என்கிற குசினி வீட்டோடு ஒட்டாமல் பத்திருபது தப்படி தள்ளிப் பின்பக்கம் இருக்கும். புகையும் கரியும் சமையல்காரரும் அங்கே. தட்டு மட்டும் மூடிபோட்டு மழையில் நடந்து சாப்பாட்டு மேசைக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், சமையல் தீயை வெளியே துரத்திய அதே துரை, கூடத்தின் நடுச்சுவரில் கணப்பு கட்டித் தீயை உள்ளே அழைத்தார். ஆனால் அதற்குச் செங்கல்லில் புகைபோக்கி உண்டு. சூடு எனக்கு, புகை வானத்துக்கு என்று முதன்முதலாக இந்த மலையில் பிரித்தவர் அவர்தான்.

காக்பர்னின் சொந்த நாட்டில் இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை என்பது தனிக் கதை. அபர்தீனுக்குத் தெற்கே ஃபின்டன் என்ற கடலோரக் கிராமம். அங்கே ஹேடாக் மீனைப் பிளந்து, வீட்டுப் புகைபோக்கிக்குள்ளேயே, பீட் எனும் சதுப்புநில எரிமண்ணின் புகையில் தொங்கவிடுவார்கள் என்று சொல்வார்கள். ஃபின்னன் ஹேடி என்று உலகமெங்கும் பேர்பெற்ற மீன் அது. இன்னும் தெற்கே ஆர்ப்ரோத் பக்கத்தில் ஆக்மிதி கிராமத்தார் வேறு வழி வைத்திருந்தார்கள். திறந்த வெளியில் மரப்பீப்பாயைப் பாதி மண்ணுக்குள் புதைத்து, அடியில் தீ போட்டு, வாலோடு வால் ஜோடி சேர்த்துக் கட்டிய மீன்களைக் கோலில் தொங்கவிட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார்கள். ஒரு மணி நேரத்தில் மீன் வெந்து, தேன் நிறத்தில் வெளியே வரும். முன்னது வீட்டு அடுப்பின் உபரி. பின்னது புகைக்காகவே மூட்டிய தீ. ஆர்ப்ரோத் ஸ்மோக்கிக்கு 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது.

ஏற்காட்டுத் துரைக்குப் புகை பிடிக்காமல் போனதற்கு ஒரு காரணம், அவர் பயிரிட்டதே காபியாக இருந்ததுதான். பச்சைக் காபிக்கொட்டை பக்கத்திலிருக்கும் வாசனையையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் சுபாவம் கொண்டது. உலர்களத்துப் பக்கத்தில் யாராவது சருகு கொளுத்தினால், மாதக்கணக்கில் கழித்து எங்கோ ஒரு நாட்டில் காபியை உறிஞ்சிப் பார்க்கும் ருசிகாரர் புகைவாடை என்று எழுதி விலையைக் குறைத்துவிடுவார். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவே பழம் பறித்து, களத்தில் பரப்பி, பனி இறங்குமுன் குவித்துத் தார்ப்பாய் மூடி, காலையில் மறுபடி பரப்பி என்று ஆள் வைத்துப் படும் பாடு முழுவதும், அந்த மலையில் போதாத வெயிலை மிச்சமில்லாமல் பிடிப்பதற்குத்தான். ஒரே சரிவில், மேட்டு வீட்டுப் பரணில் சோளம் புகையில் கிடக்கும். பள்ளத்துக் களத்தில் காபிக்குப் புகை படாமல் காவல் நடக்கும்.

சமவெளித் தமிழருக்குப் புகைமணம் மலையிலிருந்து வரவில்லை. கடல்வழி வந்தது. தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் மாசி என்றால் சொல்லவேண்டியதில்லை. சூரை மீனை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, உப்புநீரில் வேகவைத்து, தட்டியில் அடுக்கிக் கீழே தேங்காய் மட்டையும் விறகும் போட்டுப் புகையூட்டி, பிறகு வெயிலிலும் போட்டு எடுத்தால் கருங்காலிக் கட்டைபோல ஒரு பொருள் கிடைக்கும். கத்தி இறங்காது, இடிக்கத்தான் வேண்டும். மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் இதுதான் தொழில்.

1343இல் மாலத்தீவில் இறங்கி அங்கே காஜியாகவும் இருந்த இபன் பதூதா இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். மீனை நான்காக வெட்டி, லேசாக வேகவைத்து, தென்னோலைக் கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள், நன்றாகக் காய்ந்தபின் இந்தியா, சீனா, ஏமன் வரை போகும் என்பது அவர் குறிப்பின் சாரம். அங்கிருந்து கிளம்பியவர் இலங்கை வழியாகப் புயலில் சிக்கித் தமிழகக் கரையில்தான் வந்து ஒதுங்கினார். அப்போதைய மதுரை சுல்தான் அவருக்குச் சகலை. ஏறக்குறைய எழுநூறு வருஷம் கழித்தும் செய்முறை பெரிதாக மாறவில்லை என்பது மாசி இடிக்கிற எவருக்கும் தெரியும்.

குமரி மாவட்டத்து ரப்பரும் இதே பாடத்தைத்தான் சொல்லும். நாலு மரம் வைத்திருக்கிறவர் ரப்பர் ஷீட்டை அடுக்களை அடுப்புக்கு மேலேயே தொங்கவிட்டுக்கொள்வார். தோட்டம் பெரிதானால் தனிப் புகைக்கூடம் கட்டி, 40 முதல் 60 டிகிரிச் சூட்டில் நான்கு நாள் வைக்கவேண்டும். ஏலக்காய்க்கு வேறு தந்திரம். போடி, இடுக்கிப் பக்கம் பச்சை நிறம் போகக் கூடாது என்பதால் புகையை இரும்புக் குழாய்க்குள்ளேயே ஓடவிட்டுச் சூட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சிக்கிமில் பெரிய ஏலக்காயை நேராகப் புகைமேல் பரப்புவதால்தான் அது பிரியாணியில் அப்படி மணக்கிறது. வாழைத்தாருக்கு மூட்டம் போட்டு இரவோடு இரவாகப் பழுக்கவைக்கும் வியாபாரிக்கும் புகையின் இன்னொரு குணம் தெரியும்: அதில் எத்திலீன் இருக்கிறது. தலைக்குக் குளித்த கூந்தலுக்குச் சாம்பிராணி, கொசுவுக்கு வேப்பிலை என்று பார்த்தால், மாசியை விட்டால் தமிழ் வீட்டில் புகை போடாத இடம் சாப்பாடு ஒன்றுதானோ என்று தோன்றும்.

இத்தனைக்கும் நடுவில் பரணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவரை யாரும் கேட்கவில்லை. ஊதுகுழலைப் பிடித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மடியில் ஒரு பிள்ளையோடு தினமும் நாலைந்து மணி நேரம் அந்தப் புகையைக் குடித்தவர் அவர். புகைமணத்தைப் பற்றி உருகி எழுதுபவர்களில் பெரும்பாலோர் அடுப்பு ஊதியவர்களாக இருப்பதில்லை. வீட்டுக்குள் எரிக்கும் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் மாசால் 2020இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பரணைப் புகழும்போது இந்த எண்ணையும் கூடவே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

அந்த நியாயத்தை முதலில் பேசியவர்களில் ஒருவர் ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை என்ற கனவோடு அவர் எழுதிய சிறுநூல் 1953இல் சென்னையில் அச்சாயிற்று. களிமண் அடுப்போடு ஒரு குழாயை இணைத்துப் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோவது அவர் வழி. துரை தன் கணப்புக்கு மட்டும் கட்டிக்கொண்ட புகைபோக்கியை ஏழையின் அடுப்புக்கும் கொடுப்பது என்று சொல்லலாம். 1980களில் மத்திய அரசு இதையே நாடு தழுவிய திட்டமாக்கியது. புகையில்லா அடுப்பு என்ற பெயரில் அது தமிழகக் கிராமங்களுக்கும் வந்தது.

திட்டம் 2002இல் முடிந்தது. அது தடுமாறிய காரணங்கள் சின்னச் சின்னவை. விறகைச் சிறிதாக வெட்டினால்தான் வாய்க்குள் போகும். வெட்ட யாருக்கு நேரம்? குழாயில் கரி அடைத்துக்கொண்டால் புகை முன்வாசல் வழியாகவே திரும்பி வரும். கூரையில் குழாய்க்காகப் போட்ட ஓட்டையில் மழைநீர் இறங்கும். மலை வீட்டில் இன்னொரு நஷ்டமும் சேர்ந்துகொண்டது: புகை போய்விட்டால் பரணில் இருக்கும் விதையை யார் காப்பது?

கடைசியில் கதையை முடித்தது சிலிண்டர்தான். தமிழக அரசு 2007 முதல் கொடுத்த இலவச எரிவாயு அடுப்பும், மத்திய அரசு 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டமும் மலைக்கும் ஏறின. புல் கூரை போய்த் தகரமும் கான்கிரீட்டும் வந்தன. தகரக் கூரையில் புகை கசிய வழியில்லை. கான்கிரீட் கூரைக்குப் புகை தேவையுமில்லை. பரண் இருந்த இடத்தில் சிமெண்ட் பலகையில் எவர்சில்வர் பாத்திரங்கள். விதை கடையில் பாக்கெட்டில் வருகிறது. கறி குளிர்பெட்டியில் இருக்கிறது.

சமையலறையில் புகையின் வேலை எல்லாம் பறிபோனபிறகு அதன் ருசி மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. வந்த பாதையும் சுற்றுப்பாதைதான். ஸ்காட்லாந்தின் டோரி ஆய்வு நிலையம் 1930களின் கடைசியில் விசிறி வைத்துச் சூட்டையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தும் புகைச் சூளையை வடிவமைத்தது. காற்று அடிக்கும் திசையைப் பார்த்து மீன் புகைத்த காலம் தொழிற்சாலைகளில் அதோடு முடிந்தது. 1952இல் சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையில் கடல் மிதவைக்காகச் செய்த உலோக அரைக்கோளங்களுக்குக் காலும் மூடியும் வைத்து வெபர் அடுப்பை உண்டாக்கினார். அமெரிக்க வீட்டுப் புல்வெளிக்கு அப்படித்தான் புகை வந்தது. அந்தப் புல்வெளியின் நகல் இப்போது ஏற்காட்டு விடுதி வாசலில் இருக்கிறது.

ஆக, மலைமேல் வீடு வைத்திருப்பவர் எதை வாங்குவது? உள்ளே வைக்கும் பெட்டி என்பது மூடி இறுகப் பொருந்தும் ஒரு தட்டையான எவர்சில்வர்ப் பாத்திரம்தான். அடியில் இரண்டு கரண்டி மரத்தூள், அதன்மேல் சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஒரு தட்டு, அதற்கு மேல் கம்பி வலை. எரிவாயு அடுப்பில் ஏற்றினால் இருபது முப்பது நிமிஷத்தில் மீன் தயார். கரித்துண்டைக் கனல வைத்துக் கிண்ணத்தில் போட்டு, நெய் ஒரு சொட்டு விட்டு, குழம்புச் சட்டிக்குள் இறக்கி மூடும் வடநாட்டு துங்கார் முறையும் இதே வகைதான். இரண்டுமே நிமிஷக் கணக்கு. சன்னலைத் திறந்துவைத்தால் வீடு தாங்கும். ஆனால் மணம் மேலோடு நின்றுவிடும். நாள்பட வைத்திருக்கவும் உதவாது.

பத்து மணி நேரம் புகையில் கிடக்கவேண்டிய தொடைக்கறிக்கு வெளியேதான் இடம். ஏற்காட்டில் அதற்கும் தொல்லை உண்டு. மஞ்சில் நனைந்த விறகு வெள்ளையாய்த் தடித்த புகையைக் கக்கும், கறி கசந்துபோகும். மெலிந்து நீலம் பாரித்த புகைதான் சரியான பதம். அதற்கு விறகை முதல் மழைக்கு முன்பே அடுக்கி மூடியிருக்கவேண்டும். மரத்துக்குப் பஞ்சமில்லை. கவாத்து செய்த காபிச் செடியின் கட்டை கெட்டியானது, நின்று கனலும். பலாவும் கொய்யாவும் சேரும். தைலமரமும் பைனும் வேண்டாம், எண்ணெயும் பிசினும் கறியில் ஏறிவிடும். கொழுப்பு நேராகக் கனலில் சொட்டாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். சொட்டிய கொழுப்பு பொசுங்கும்போதுதான் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் அதிகமாகக் கிளம்பிக் கறியிலேயே படிகின்றன. புகையூட்டிய கறிக்கும் மீனுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு வெறும் 2 மைக்ரோகிராம். டிரம்முக்குக் குரங்குக் காவலும் வேண்டும். அதை எந்தக் கம்பெனியும் பெட்டியில் வைத்துக் கொடுப்பதில்லை.

குளிருக்குப் பயந்து வெளித்தீயை உள்ளே தூக்கி வருவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கறி வாட்டிய கரியடுப்பை அறைக்குள்ளேயே விட்டுவிட்டுத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் காலையில் எழுந்திருக்கவில்லை. கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. புல் கூரை வீட்டில் அதே கனலைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகத் தூங்கினார்கள் என்றால், அந்தக் கூரை முழுக்க ஓட்டை. கண்ணாடிச் சன்னலை இறுகச் சாத்திய விடுதி அறையில் அந்த ஓட்டை இல்லை.

ஏற்காட்டைச் சுற்றியுள்ள நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் கிராமங்கள் பக்கம் போகிறவர்கள் புது வீடுகளின் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். உள்ளே எரிவாயு அடுப்பு இருக்கும். ஆனால் பின்சுவரை ஒட்டி நாலு தகரத்தைச் சாய்த்து, அதன் கீழே மூன்று கல் வைத்து ஒரு விறகடுப்பும் இருக்கும். குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, விருந்து நாளில் பெரிய குண்டான் ஏற்ற. காபிக் கட்டையும் சருகும் சும்மா கிடைக்கும்போது சிலிண்டரை எதற்குக் கரைப்பது? தகரத்துக்குக் கீழே ஒரு கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதில் தோகையோடு பின்னிய நாலு மக்காச்சோளக் கதிர், ஓரமாக ஒரு சுரைக்குடுக்கை. தகரத்தின் உட்புறம் இப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.